நற்சான்றும் பொய்ச்சான்றும்



ஒரு பாடசாலை அதிபரின் மேசையிலே ஆண்டு முழுவதும் நிகழும் வேலைகளுள், பார்வைக்கு மிகச் சிறியதாயும் உண்மையில் மிகப் பெரியதாயும் உள்ள வேலை ஒன்று உண்டு. அது நற்சான்றிதழ் எழுதுதல். க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியானதும், பாடசாலையை விட்டு நீங்கும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து நிற்பர். நான்கு வரி எழுதிக் கையொப்பமிட்டு முத்திரை குத்திக் கொடுத்துவிடுவோம். அந்தத் தாளுக்கும் மைக்கும் ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆயினும் அத்தாளைக் கையில் வாங்கிப் படிக்கும் ஒருவர், தாம் முன்பின் கண்டறியாத ஒரு பிள்ளையை, தாம் கேள்விப்பட்ட ஒரு பாடசாலையின் சொல்லை நம்பி ஏற்றுக்கொள்கின்றார். ஒருவரை அறிந்தவர் அறியாதவருக்கு எடுத்துரைக்கும் அந்தச் சொல்லின் மேலேதான் உலக நடப்பில் பெரும் பகுதி நிற்கின்றது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாடசாலைச் சான்றிதழ் அன்று. இணையத்திலே உலாவும் சான்றிதழ்களைப் பற்றியும், அவற்றுட் பொய்யானவற்றை விலைக்கு வாங்கிய இணையத்தளங்களுக்குத் தேடுபொறிகள் விதிக்கும் தண்டனையைப் பற்றியுமே பேசப் போகின்றேன். கலைப் பட்டதாரியாகிய நான் கணினி நூல் கற்றவன் அல்லன். இப்பொருளை நான் கற்க நேர்ந்தது ஒரு பழைய மாணவனாலே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், பாடசாலை விட்டு அனைவரும் சென்ற பின்னர், அவன் என் அலுவலகத்துக்கு வந்தான். பனையோலைக் கைப்பணிப் பொருள்களைக் கிராமத்துப் பெண்களிடம் வாங்கி, ஓர் இணையத்தளம் அமைத்து, வெளிநாடுகளுக்கு அனுப்பி வந்தவன் அவன். பெட்டியும், கடகமும், தொப்பியும், விரிப்புமாக அவன் அனுப்பிய பொருள்களால் ஏழெட்டுக் குடும்பங்களின் அடுப்பு எரிந்தது. அவன் கையிலே ஆங்கிலத்தில் அமைந்த ஓர் அறிவித்தல் இருந்தது. “சேர், இதைக் கொஞ்சம் வாசித்து விளங்கப்படுத்துங்கள். மூன்று கிழமையாக ஒரு கட்டளையும் வரவில்லை. கூகிளிலே தேடினால் எங்கள் தளத்தைக் காணவே இல்லை” என்றான். அறிவித்தலின் சாரம் இது: உங்கள் தளத்தை நோக்கி இயல்பற்ற இணைப்புகள் பல அமைக்கப்பட்டுள்ளன, ஆதலால் உங்கள் தளத்தின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது.

இயல்பற்ற இணைப்பு என்பது யாது? அதை விளங்கிக்கொள்வதற்குத் தேடுபொறி எவ்வாறு இயங்குகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

இணையம் என்பது கோடானு கோடி பக்கங்களைக் கொண்ட ஒரு நூல்நிலையம் எனக் கொள்வோம். ஆனால் அந்த நூல்நிலையத்துக்கு நூலகர் இல்லை. யாரும் எதையும் எழுதி எந்தத் தட்டிலும் வைத்துவிடலாம். தொடக்க காலத்துத் தேடுபொறிகள், ஒரு சொல் எந்தப் பக்கத்திலே எத்தனை முறை, எந்த இடத்தில் வருகின்றது என்பதையே பெரும்பாலும் பார்த்தன. இதை அறிந்துகொண்ட தந்திரக்காரர்கள், வெள்ளைப் பின்னணியிலே வெள்ளை எழுத்தினால் ஒரே சொல்லை நூறு முறை எழுதி வைத்தனர். மனிதக் கண்ணுக்குத் தெரியாத அவ்வெழுத்து இயந்திரத்துக்குத் தெரிந்தது, இயந்திரம் ஏமாந்தது. தன்னைப்பற்றித் தானே பேசுபவனின் சொல்லை நம்பினால் விளைவது இதுதான்.

1998 ஆம் ஆண்டிலே, அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் வேறொரு வழியை எடுத்துரைத்தனர். ஒரு பக்கம் தன்னைப்பற்றி என்ன சொல்லுகின்றது என்பதை விட, பிற பக்கங்கள் அதனைப்பற்றி என்ன சொல்லுகின்றன என்பதைப் பார்ப்போம் என்பதே அவர்கள் கருத்து. இணையப் பக்கம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதற்கு வழிகாட்டும் சுட்டு ஒன்று உண்டல்லவா? அதுவே இணைப்பு எனப்படும். ஒரு பக்கத்தை நோக்கிப் பிற பக்கங்களிலிருந்து வரும் இணைப்பை ஆங்கிலத்தில் பேக்லிங்க் என்பர். அவ்வாறு வரும் ஒவ்வோர் இணைப்பையும் அவர்கள் ஒரு வாக்காக, ஒரு நற்சான்றாக எண்ணினர்.

இக்கருத்து முற்றிலும் புதியது அன்று. விஞ்ஞானக் கட்டுரைகளுள் எவை எவற்றை மேற்கோளாகக் காட்டுகின்றன எனக் கணக்கெடுக்கும் பெரும் அட்டவணை ஒன்றை யூஜின் கார்பீல்ட் என்னும் அமெரிக்கர் 1964 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். பலராலே மேற்கோள் காட்டப்பெறும் கட்டுரை பயனுள்ள கட்டுரையாக இருத்தல் கூடும் என்பது அதன் அடிப்படை. அந்த வழியை இணையத்துக்குப் பொருத்தியதோடு, ஸ்டான்போர்ட் மாணவர் இருவரும் நுட்பமான இரண்டு விதிகளைச் சேர்த்தனர். எல்லாச் சான்றுகளும் ஒரே நிறை உடையன அல்ல என்பது முதலாவது. தாமே பலராலே மதிக்கப்படும் ஒரு பக்கம் தரும் சான்று, யாராலும் மதிக்கப்படாத நூறு பக்கங்கள் தரும் சான்றிலும் மேலானது. ஒருவர் பலருக்குச் சான்று வழங்கினால் அவருடைய சொல்லின் நிறை அப்பலருக்கும் பங்கிடப்படும் என்பது இரண்டாவது. ஊரில் உள்ள அனைவரையும் ‘மிக நல்லவர்’ என எழுதிக் கொடுக்கும் அதிபரின் எழுத்துக்கு எத்துணை மதிப்பு உண்டோ, அத்துணை மதிப்பே அதற்கும். பேஜ் அவர்களின் பெயரையொட்டி இம்முறைக்குப் பேஜ்ராங்க் எனப் பெயரிட்டனர். அதே 1998 ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் தோன்றியது.

அம்முறை வெற்றி பெற்றது. ஆனால் அவ்வெற்றியே அதற்குப் பகையும் ஆயிற்று. இணைப்பு என்பது வாக்கு என்று உலகம் அறிந்த அன்றே, வாக்கை விலை பேசும் சந்தையும் தோன்றிவிட்டது. சார்ள்ஸ் குட்ஹார்ட் என்னும் பிரித்தானியப் பொருளியலறிஞர் 1975 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிய கருத்து ஒன்றை அறிஞர் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றனர். ஓர் அளவுகோலையே இலக்காக்கிவிட்டால், அது நல்ல அளவுகோலாக இராது என்பது அதன் பொருள். பரீட்சைப் புள்ளியையே கல்வி என எண்ணத் தொடங்கியதும் புள்ளி கல்வியை அளக்காமற் போவதை ஆசிரியராகிய நாம் தினந்தோறும் காண்கின்றோம். இணையத்திலும் அஃதே நிகழ்ந்தது.

இணைப்பைப் பெருக்குவதற்கு எத்தனையோ வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. சிலர் பணம் கொடுத்து வாங்கினர். சிலர் ‘நீ என்னைச் சொல், நான் உன்னைச் சொல்கின்றேன்’ என்று பண்டமாற்றுச் செய்தனர். சிலர் யாரும் படிக்காத நூறு தளங்களைத் தாமே உருவாக்கி, அந்நூற்றிலிருந்தும் தம்முடைய கடைக்குச் சான்று எழுதிக்கொண்டனர். வேறு சிலர், இயந்திர நிரல்களை ஏவி, பிறருடைய தளங்களின் வாசகர் கருத்துப் பகுதிகளிலே ஆயிரக்கணக்கில் இணைப்புகளைத் தூவினர். இவற்றைத் தடுக்கும் பொருட்டு, ‘இவ்விணைப்பை என் சான்றாகக் கொள்ள வேண்டாம்’ என இயந்திரத்துக்கு அறிவிக்கும் ஒரு குறியீட்டை 2005 ஆம் ஆண்டு சனவரியில் தேடுபொறிகள் அறிமுகம் செய்தன. நேர்மையானவர்கள் அதனைப் பயன்படுத்தினர். ஆனால் விற்பவரும் வாங்குபவரும் அதனை ஏன் பயன்படுத்துவர்?

உலகறிந்த ஒரு வழக்கைச் சொல்கின்றேன். ஜே.சி. பென்னி என்பது 1902 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அமெரிக்கப் பெருங்கடை நிறுவனம். 2010 ஆம் ஆண்டின் இறுதியில், பண்டிகை வியாபாரம் மும்முரமாக நடந்த திங்கள்களிலே, உடை என்று தேடினாலும், படுக்கை விரிப்பு என்று தேடினாலும், தளபாடம் என்று தேடினாலும் கூகிளின் முதலிடத்தில் அக்கடையே நின்றது. சம்சொனைட் என்னும் கம்பெனியின் பயணப் பெட்டியைத் தேடினால், அதைச் செய்யும் கம்பெனியையும் முந்திக்கொண்டு பென்னி நின்றது! நியூ யோர்க் டைம்ஸ் பத்திரிகை இதனை ஆராய்ந்து 2011 பெப்ரவரியில் வெளியிட்டது. நூற்றுக்கணக்கான தளங்களில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் அக்கடையை நோக்கி நடப்பட்டிருந்தன. அத்தளங்களுட் பலவற்றுக்கும் உடைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஒன்று சூதாட்டத்தைப் பற்றியது. மற்றொன்று அணுப் பொறியியலைப் பற்றியது. இன்னொன்று பல்கேரிய நாட்டுக் காணிகளைப் பற்றியது. அணுப் பொறியியல் பேசும் இடத்திலே பெண்களின் உடைக்குச் சான்று எழுதியிருந்தால், அதனை எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று ஐயுறாமல் இருக்க முடியுமா?

கூகிள் நடவடிக்கை எடுத்தது. ஒரு மாலை 7 மணிக்குப் பயணப் பெட்டித் தேடலில் முதலிடத்தில் இருந்த பென்னி, 9 மணிக்கு 71 ஆம் இடத்தில் இருந்தது. தளபாடத் தேடலில் 1 ஆம் இடத்திலிருந்து 68 ஆம் இடத்துக்கு இறங்கியது. தேடுவோருட் பெரும்பாலோர் முதற் பக்கத்தின் பத்து விடைகளுக்கு அப்பால் செல்வதில்லை. ஆதலால் 71 ஆம் இடம் என்பது கடைத்தெருவிலிருந்து காட்டுக்குள் தள்ளப்பட்டதற்குச் சமானம். இணைப்புகள் தமக்குத் தெரியாமல் நடப்பட்டவை என்று கூறிய அந்நிறுவனம், தான் அமர்த்தியிருந்த ஆலோசகரை விலக்கியது. ஏறக்குறைய 90 நாட்களின் பின்னரே பழைய இடங்கள் அதற்கு மீண்டன.

அதே 2011 பெப்ரவரியில் வெளியான மற்றொரு செய்தி, ஆசிரியர் என்ற முறையில் என் மனத்தை அதிகம் தைத்தது. ஓவர்ஸ்டொக் என்னும் அமெரிக்க இணையக் கடை, பல்கலைக்கழக மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் விலையிலே நூற்றுக்குப் பத்து வீதம் கழிவு தருவதாகக் கூறி, அதற்கு ஈடாகப் பல்கலைக்கழகத் தளங்களிலே தன்னுடைய பொருள்களுக்கு இணைப்புப் போடுமாறு வேண்டியது. கல்விக்கூடங்களின் சொல்லுக்கு உலகில் மதிப்பு அதிகம் என்பதை அக்கடை அறிந்திருந்தது. அம்மதிப்பைப் பத்து வீதக் கழிவுக்கு விற்கச் சிலர் இசைந்தனர். அக்கடையும் தண்டிக்கப்பட்டது, ஏப்ரல் மாதத்திலேதான் தண்டனை நீங்கியது.

இவ்வழக்குகளில் மனிதர் ஆராய்ந்து தீர்ப்புச் செய்தனர். இவ்வகைத் தண்டனை இன்றும் உண்டு. அவ்வாறு தண்டிக்கும்போது தளத்தின் உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்பப்படும். அவர் குற்றத்தைத் திருத்தி, மறுபரிசீலனை செய்யுமாறு விண்ணப்பிக்கலாம். ஆனால் உலகிலுள்ள கோடிக்கணக்கான தளங்களையும் மனிதர் பார்த்தல் இயலாது. ஆகவே 2012 ஏப்ரல் 24 ஆம் நாள், பென்குயின் எனப் பெயரிட்ட கணிப்பு முறை ஒன்றைக் கூகிள் புகுத்தியது. அம்முறை ஆங்கிலத் தேடல்களில் ஏறக்குறைய 3.1 வீதத்தைப் பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கு மூன்று என்றால் சிறிது போலத் தோன்றும். ஒரே நாளில் வியாபாரம் இழந்த சிறு வணிகருக்கு அது நூற்றுக்கு நூறு. அன்றியும், இயந்திரம் இட்ட தண்டனைக்கு அறிவித்தல் இல்லை, மேன்முறையீடும் இல்லை. பிழையைத் திருத்திவிட்டு, இயந்திரம் மறுமுறை கணக்கெடுக்கும் வரை மாதக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டியதாயிற்று.

தண்டனை எளியவர்க்கு மட்டுந்தானா என்று நேயர்கள் கேட்கலாம். 2012 சனவரியிலே கூகிள் தன்னுடைய குரோம் உலாவியின் பக்கத்தையே 60 நாட்களுக்குக் குறையாமல் கீழிறக்கியது. அவ்வுலாவியை விளம்பரம் செய்வதற்கு அமர்த்தப்பட்டோர் பணம் பெற்று எழுதிய கட்டுரையிலே விதிக்குப் புறம்பான இணைப்பு இருந்தமையே காரணம். 2013 பெப்ரவரியில் இங்கிலாந்தின் புகழ் பெற்ற பூ வணிக நிறுவனமான இன்டர்புளோரா, பிரதேசப் பத்திரிகைகளின் தளங்களில் விளம்பரக் கட்டுரைகள் மூலம் இணைப்புகளைப் பெற்றமையால் தேடலிலிருந்து மறைந்தது. அதன் பெயரையே தட்டச்சிட்டுத் தேடினும் அதன் தளம் முதற் பக்கத்தில் வரவில்லை. அந்நாட்டு அன்னையர் தினம் நெருங்கிக்கொண்டிருந்த வேளை அது. 11 நாட்களின் பின்னர், அத்தினத்துக்குச் சற்று முன்பாக அது மீண்டது. இவ்வழக்கில் இன்னொன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். சான்று வாங்கியவரோடு, சான்று விற்றவரும் இழந்தனர். அக்கட்டுரைகளை வெளியிட்ட பத்திரிகைத் தளங்கள் பலவற்றின் தர எண்ணும் வீழ்ச்சியுற்றது.

இனி என் மாணவனிடம் திரும்புவோம். அவன் செய்தது யாது? நகரத்திலிருந்து பேசிய ஒரு முகவர், மாதந்தோறும் ஆயிரம் இணைப்புகள் அமைத்துத் தருவதாகவும், மூன்று மாதத்தில் முதற் பக்கத்துக்கு வந்துவிடலாம் என்றும் கூறியிருக்கின்றார். அவன் நம்பிப் பணம் கட்டினான். முதல் இரண்டு மாதம் கட்டளைகள் பெருகின. மூன்றாம் மாதம் வந்தது அந்த அறிவித்தல். முகவரின் தொலைபேசி பின்னர் பதில் சொல்லவில்லை.

இருவரும் அமர்ந்து பட்டியலைப் பார்த்தோம். பனையோலைப் பெட்டிக்குச் சான்று கொடுத்திருந்த தளங்களுட் பல, மருந்து விற்பனை, கடன் வசதி, சூதாட்டம் ஆகியவற்றைப் பற்றியவை. எல்லாவற்றிலும் ஒரே சொற்றொடர், எழுத்துக்கு எழுத்து மாறாமல் இருந்தது. உண்மையாகவே ஒரு பொருளை விரும்பிய நூறு பேர் எழுதினால் நூறு விதமாக எழுதுவர். ஒருவரே நூறு பெயரில் எழுதினாற்றான் நூறும் ஒன்றாயிருக்கும். விடைத்தாள் திருத்தும் ஆசிரியருக்குப் பார்த்து எழுதிய விடைகளைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான். இயந்திரமும் ஏறக்குறைய இவ்வழியிலேதான் கண்டுபிடிக்கின்றது.

அத்தளங்களின் உரிமையாளர்களுக்கு, இணைப்புகளை நீக்கிவிடுமாறு அவன் கடிதம் எழுதினான். பெரும்பாலோர் பதில் எழுதவில்லை. சிலர் நீக்கினர். சிலர், நீக்குவதற்கும் பணம் கேட்டனர்! பொய்ச்சான்றை வாங்கவும் விலை. அதை அழிக்கவும் விலை. நீக்க முடியாதவற்றுக்கு ஒரு வழி உண்டு. ‘இவ்விணைப்புகளை நான் ஏற்கவில்லை; இவற்றை என் கணக்கிற் சேர்க்க வேண்டாம்’ எனக் கூறும் பட்டியலைக் கூகிளிடம் ஒப்படைக்கலாம். அந்த வசதி 2012 அக்டோபரில் ஏற்படுத்தப்பட்டது. பட்டியலை ஒப்படைத்து, மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தான். முதல் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. முகவர் மீது முழுப் பழியையும் போட்டு அவன் அதனை எழுதியிருந்தான். இரண்டாம் முறை நான் அருகிலிருந்தேன். “நடந்ததை நடந்தபடி எழுது, நீ பணம் கொடுத்ததையும் எழுது” என்றேன். எழுதினான். இடையில் மேலும் பல இணைப்புகளைத் தேடி நீக்கியுமிருந்தான். அவ்விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஆயினும் பழைய இடம் உடனே திரும்பவில்லை. பொய்யால் ஏறிய உயரம் பொய்யோடு போயிற்று; உண்மையாகவே அவனுக்கு இருந்த இடத்திலிருந்துதான் மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. அந்த இடைக்காலத்தில் ஓலை பின்னிய பெண்களுக்கு வேலை இல்லை. அவர்கள் இணைப்பு என்ற சொல்லையே கேட்டறியாதவர்கள்.

அன்று மாலை அவன் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் ஒலிக்கின்றது. “சேர், பணம் கொடுத்துப் பாராட்டு வாங்காத வியாபாரி உலகத்தில் இருக்கிறானா? விளம்பரமும் அதுதானே? என்னைத் தண்டிக்க இவர்கள் யார்?”

இக்கேள்வியில் இரண்டு கேள்விகள் உள. விளம்பரமும் பொய்ச்சான்றும் ஒன்றா என்பது ஒன்று. அவை ஒன்றல்ல. விளம்பரம் தன்னை விளம்பரம் என்று சொல்லிக்கொண்டு வருகின்றது. கேட்பவர் அதற்கேற்பக் கழித்து எடைபோடுவர். பொய்ச்சான்றோ, நடுநிலையாளரின் உடையை உடுத்துக்கொண்டு வருகின்றது. பணம் பெற்றுப் போடும் இணைப்பைத் தேடுபொறிகள் தடை செய்யவில்லை. பணம் பெற்றது என்று குறிக்குமாறே கேட்கின்றன. 2019 ஆம் ஆண்டில் அதற்கெனத் தனிக் குறியீடும் ஏற்படுத்தப்பட்டது. குற்றம் விலையில் இல்லை; மறைப்பில் உள்ளது.

இவர்கள் யார் என்ற இரண்டாம் கேள்விக்கு அத்துணை எளிதாக விடை கூற இயலாது. உலகத்தின் நூல்நிலையத்துக்கு வாயிலாக நிற்பது ஒரு தனியார் நிறுவனம். அதன் கணிப்பு முறை முழுவதும் வெளியார்க்குத் தெரியாது. விதியை ஆக்குபவரும், குற்றஞ் சாட்டுபவரும், தீர்ப்புச் செய்பவரும் ஒருவரே. அவரே விளம்பரமும் விற்கின்றார். தேடல் துறையில் அந்நிறுவனம் தன் ஏகபோகத்தைச் சட்டத்துக்கு மாறாகக் காத்து வந்தது என்று அமெரிக்கச் சமஷ்டி நீதிமன்றம் ஒன்று 2024 ஆகஸ்டிலே தீர்ப்பளித்தது. அன்றியும், ஒருவனைக் கெடுக்க விரும்பும் போட்டியாளன், அவன் பெயரிலே பொய்யிணைப்புகளை வாங்கி நட்டுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சமும் வணிகரிடையே எழுந்தது. இவ்வச்சம் முற்றிலும் வீணானது என்று சொல்ல முடியாது.

தேடுபொறிக்காரரும் காலப்போக்கில் தம் முறையை மாற்றிக்கொண்டனர். 2016 செப்டெம்பரிலிருந்து பென்குயின் முறை, முழுத் தளத்தையும் கீழே தள்ளுவதை விட்டு, பொய்யிணைப்பை மட்டும் மதிப்பற்றதாக்கும் வழியை மேற்கொண்டது. மாதக்கணக்கிற் காத்திருக்கும் நிலையும் நீங்கியது. 2022 டிசம்பரில், இணைப்பை வாங்கும் தளங்களையும் விற்பதற்கென்றே அமைந்த தளங்களையும் கண்டறியும் செயற்கை நுண்ணறிவு முறை ஒன்று இவ்வேலைக்கு அமர்த்தப்பட்டது. இன்று பெரும்பாலும் நிகழ்வது யாதெனில், வாங்கிய சான்று பேசாமற் கழிக்கப்படுகின்றது. கொடுத்த பணம் வீணாகின்றது. கள்ள நாணயத்தை வைத்திருந்தவனைச் சிறையில் இடுவதைவிட, அந்நாணயத்தைச் செல்லாதாக்கிவிடுவது நல்ல நீதி என்றே எனக்குத் தோன்றுகின்றது. ஆயினும் வேண்டுமென்றே செய்வோர்க்கு மனிதர் விதிக்கும் தண்டனை இன்றும் நீங்கவில்லை.

நேயர்களே, மாணவனுக்கு நான் நீதி சொன்னேன். ஆனால் அவன் சென்ற பின்னர் என் மேசைக்கு முன் நான் தனியே இருந்தபோது, ஒரு பழைய நிகழ்ச்சி என்னை உறுத்தியது. அதனையும் சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் நேர்மை ஆகாது.

நான் அதிபராகப் பதவியேற்ற முதல் ஆண்டுகளில், செல்வாக்கு மிக்க ஒருவர் தம் உறவினரான ஒரு பையனுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தார். பையன் மாணவர் தலைவனாக இருந்தான் என்றும், நூல்நிலையப் பொறுப்பை வகித்தான் என்றும் எழுத வேண்டும் என்றார். அவன் இரண்டும் அல்லன். பாடசாலைக் கட்டட நிதிக்கு அவர் உதவி செய்தவர். நான் எழுதிக் கொடுத்தேன். நான்கு வரிதானே என்று எண்ணினேன். அப்பையனை வேலைக்கு ஏற்றவர்கள் சில மாதங்களிலேயே உண்மையை அறிந்துகொண்டனர். மறு ஆண்டில், அதே இடத்துக்கு எங்கள் பாடசாலைப் பெண் பிள்ளை ஒருத்தி சென்றாள். அவள் உண்மையாகவே மாணவர் தலைவியாக இருந்தவள். நான் எழுதியதில் ஒரு சொல்லும் மிகையன்று. அவள் நீட்டிய சான்றிதழைப் பார்த்த உத்தியோகத்தர், பாடசாலையின் பெயரைப் படித்ததும் அதனை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அவள் வந்து அழுதுகொண்டு சொன்னபோதுதான், நான் முந்திய ஆண்டில் விற்றது எதை என்று எனக்குத் தெரிந்தது. என்னுடைய சொல்லை நான் விற்கவில்லை. அவளுடைய சொல்லை விற்றுவிட்டேன்.

பென்னி கடையும், பூ வணிகரும், பனையோலை விற்ற என் மாணவனும், கட்டட நிதிக்காகக் கையொப்பமிட்ட நானும் செய்த பிழை ஒன்றே. சான்று என்பது கொடுப்பவருடைய சொத்து என எண்ணிவிட்டோம். அஃது அதனை நம்புகின்ற எல்லோருக்கும் உரிய பொதுச் சொத்து. ஊர்க் கிணற்றில் ஒருவன் எறிந்த அழுக்கு, ஊரார் அனைவரின் குடத்திலும் ஏறுகின்றது.

ஆதலால் இணையத்திலே தொழில் தொடங்க எண்ணும் இளைஞர்களுக்கு, அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கின்றேன். முதற் பக்கத்துக்குக் கொண்டு வருவோம் என்று உறுதி கூறி, ஆயிரக்கணக்கில் இணைப்பு விற்க வருபவரை வாயிலிலேயே அனுப்பிவிடுங்கள். அவ்வுறுதியைத் தரும் அதிகாரம் அவரிடம் இல்லை. உங்கள் பெயரிலே பிறர் என்ன செய்கின்றார் என்பதைக் கேட்டறியுங்கள். தெரியாது என்ற சொல் பென்னியையும் காப்பாற்றவில்லை. உங்கள் பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை விரிவாக எழுதுங்கள். என் மாணவன் பிற்பாடு அதைத்தான் செய்தான். ஓலையைத் தெரிந்தெடுப்பதும், உலர்த்துவதும், வார்வதும், சாயம் இடுவதும், பின்னுவதும் எப்படி என்று, பின்னுகின்ற பெண்களின் வாய்மொழியைக் கேட்டுப் படங்களோடு எழுதினான். கைப்பணியில் ஈடுபாடுடைய சிலர் தூர தேசங்களிலிருந்து அப்பக்கங்களைக் கண்டு, தம்முடைய தளங்களிலே குறிப்பிட்டனர். ஆயிரம் அல்ல, பதினேழு பேர். அவன் விரல்விட்டு எண்ணிச் சொன்னான். அப்பதினேழையும் ஒருவரும் விற்கவில்லை. ஆகையால் ஒருவராலும் பறிக்க முடியவில்லை.

நானும் இப்பொழுது சான்றிதழ் எழுதுமுன் பிள்ளையை எதிரே இருத்திப் பேசுகின்றேன். வகுப்பாசிரியரைக் கேட்கின்றேன். இல்லாததை எழுதுவதில்லை. வரிகள் முன்னையிலும் குறைந்துவிட்டன. அவற்றின் நிறை கூடியிருக்கும் என்று நம்புகின்றேன்.